வளைத்த பாலிகார்பனேட் மறுநாள் ஏன் பாதி நிமிர்ந்தது?

பெங்களூரு பீணியாவில் அக்ரிலிக் காட்சிப் பெட்டிகளும் இயந்திரங்களுக்கான பாலிகார்பனேட் மறைப்புகளும் செய்து கொடுக்கும் ஓசூர் நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். லேசரில் வெட்டிய அக்ரிலிக் துண்டுகளைக் குளோரோபார்ம் வைத்து ஒட்டிய சில நிமிடங்களில், விளிம்பை ஒட்டி மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள் எழும்பிவிடுகின்றன, அது ஏன் என்பது முதல் கேள்வி. ஆறு மாதம் வளைத்துப் பொருத்தியிருந்த 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட்டைக் கழற்றியபோது அது வளைந்தேதான் இருந்தது, ஆனால் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் பாதி நிமிர்ந்திருந்தது, இது எப்படி என்பது இரண்டாவது. அனீலிங் செய்தால், அதாவது அடுப்பில் மிதமாகச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவரும், அனீல் செய்த பாலிகார்பனேட் பிஸ்கட்டைப் போல உடையும் என்று இன்னொருவரும் சொல்கிறார்களே, யாரை நம்புவது என்பது மூன்றாவது.

இழுவைச் சோதனை இயந்திரத்தின் முன்னால் வெகுகாலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் ஆகியவை கைக்குத் திடப்பொருளாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் இன்னும் அடங்கி முடியாத பொருள்கள். அவற்றின் மூலக்கூறுகள் இடம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு கடிகாரத்தைப் போல உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடிகாரத்தைச் சூடு விரைவுபடுத்துகிறது, தகைவு (ஒரு பரப்பின் மேல் விழும் விசை) விரைவுபடுத்துகிறது, முதுமை மெதுவாக்குகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல், இரும்புக்குப் பழகிய கணக்கை அப்படியே இவற்றுக்குப் போடுவதில்தான் பெரும்பாலான பட்டறைத் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் உள்ளமைப்பு. இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆன பாலிமர், அந்தச் சங்கிலிகள் இடியாப்பத்து இழைகளைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரும்பில் இருப்பது போன்ற ஒழுங்கான படிக அடுக்கு இங்கே கிடையாது. சூடாக இருக்கும்போது இழைகள் நெளிந்து நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற ஆற நகர்வு மெதுவாகி, ஒரு கட்டத்தில் நம் பொறுமைக்குள் அடங்காத அளவுக்கு மந்தமாகிவிடும். அந்தக் கட்டத்தைக் கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை என்கிறோம். அக்ரிலிக்குக்கு அது சுமார் 105 டிகிரி செல்சியஸ், பாலிஸ்டைரீனுக்கு 100, பாலிகார்பனேட்டுக்கு 145 முதல் 150 வரை. பனிக்கட்டி உருகுவதைப் போல அது கறாரான புள்ளி அன்று. எவ்வளவு வேகமாக ஆற்றுகிறோமோ அதைப் பொறுத்து, பத்து மடங்கு வேகத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி என்ற கணக்கில் அது இடம் மாறும். வேகமாக ஆற்றினால், இழைகள் சரியாக அமர்வதற்கு முன்பே உறைந்துவிடுகின்றன என்று இதற்குப் பொருள். அச்சிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு துண்டும் இப்படி அவசரமாக உறைந்த துண்டுதான்.

இப்போது இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன. 3 மில்லிமீட்டர் ஷீட்டை 300 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தடிமனில் பாதியை ஆரத்தால் வகுத்தால் மேற்பரப்பின் திரிபு, அதாவது அது நீளும் விகிதம், கிடைக்கும்: 1.5-ஐ 300-ஆல் வகுக்க, 0.5 சதவீதம். பாலிகார்பனேட்டின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 2.3 கிகாபாஸ்கல் என்பதால், வளைத்த அந்தக் கணத்தில் மேற்பரப்பில் 11 அல்லது 12 மெகாபாஸ்கல் தகைவு நிற்கும். (சூடு காட்டாமல் வளைப்பதாக இருந்தால் ஆரம் தடிமனைப் போல 100 மடங்காவது இருக்க வேண்டும் என்று பாலிகார்பனேட்டுக்குச் சொல்லும் கணக்கு இந்த 0.5 சதவீதத்திலிருந்து வருவதுதான். அக்ரிலிக்குக்கு இதைப் போல இரண்டு மடங்கோ, அதற்கு மேலோ வேண்டும்.) ஸ்பிரிங் எஃகாக இருந்தால் ஏறிய தகைவு ஆறு மாதம் கழித்தும் ஏறத்தாழ அப்படியே இருக்கும், கழற்றியவுடன் தகடு துள்ளி நிமிரும். பாலிகார்பனேட்டில் திரிபு மாறாமல் இருக்க, தகைவு மட்டும் கசிந்துகொண்டே போகிறது. இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்த வடிவத்துக்கு ஏற்ப இடம் மாறி, தங்கள் மேல் விழுந்த பாரத்தை இறக்கி வைக்கின்றன. இதைத்தான் தகைவுத் தளர்வு என்கிறோம்.

இந்தத் தளர்வின் போக்கு விசித்திரமானது. கதிரியக்கப் பொருளைப் போல ஒரே அரை ஆயுட்காலத்தில் பாதி, மறுபாதியில் பாதி என்று அது குறைவதில்லை. மடக்கை அளவில் நேரத்தைப் போட்டுப் பார்த்தால்தான் கோடு ஒழுங்காக வரும். முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை எவ்வளவு குறைகிறதோ, அதே தரத்தில்தான் பத்தாவது மணியிலிருந்து நூறாவது மணி வரையிலும் குறையும். ருடால்ஃப் கோல்ராஷ் 1854-இல் லெய்டன் சாடியில் (பழைய கால மின்தேக்கி) மிஞ்சும் மின்னூட்டம் இப்படி இழுத்துக்கொண்டே குறைவதைக் கண்டு அதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். முறுக்கிவிட்ட இழைகள் மெதுவாகத் திரும்புவதை அவருடைய மகன் ஃப்ரீட்ரிஷ் 1863-இல் ஆராய்ந்தார். நீட்டிய அடுக்குக்குறிச் சார்பு என்று இன்று அழைக்கப்படும் அந்தச் சூத்திரம், 1970-இல் வில்லியம்ஸும் வாட்ஸும் பாலிமர்களுக்குப் பயன்படுத்திய பிறகு இத்துறையில் அன்றாடப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதிலிருக்கும் அடுக்கு எண் 1 ஆக இருந்தால் சாதாரணத் தேய்வு. கண்ணாடி மாறுநிலைக்குக் கீழே உறைந்திருக்கும் கண்ணாடி நிலைப் பாலிமர்களின் ஊர்வை (நிலையான பாரத்தில் மெல்ல நீளுவதை) அளந்தால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. பொருளின் ஒவ்வோர் இடத்திலும் கடிகாரம் வெவ்வேறு வேகத்தில் ஓடுகிறது என்பதற்கு இது அடையாளம். ஓரிடத்தில் இழைகள் நெருக்கியடித்துக் கிடக்கும், அங்கே அசைவு வர வருடங்கள் ஆகும். பக்கத்திலேயே சில நானோமீட்டர் தள்ளி இடம் தாராளமாக இருக்கும், அங்கே வினாடிகள் போதும்.

மறுநாள் நிமிர்ந்ததற்கு விளக்கம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் வேகமான இடங்கள் எல்லாம் வளைந்த வடிவத்தைத் தங்கள் இயல்பு வடிவமாக ஏற்றுக்கொண்டுவிட்டன. மிக மெதுவான இடங்களோ இன்னும் தட்டையான பழைய வடிவத்தையே நினைவில் வைத்துக்கொண்டு, மீள்விசையோடு காத்திருக்கின்றன. திருகுகளைக் கழற்றிய உடனே மிச்சமிருந்த மீட்சி விசை ஷீட்டைச் சற்றே நிமிர்த்தியிருக்கும், அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு மெதுவான இடங்கள் வேகமான இடங்களைத் தள்ளத் தொடங்குகின்றன. வேகமானவை ஒவ்வொன்றாக, தத்தம் கடிகாரப்படி இடங்கொடுக்கின்றன. இரவெல்லாம் நடந்தது இதுதான். முழுவதும் நிமிர்வதற்கு, வளைந்திருந்த காலத்தின் தரத்திலேயே காலம் பிடிக்கும், அதாவது மாதக்கணக்கில். அவசரமென்றால் 120 டிகிரி அடுப்பில் தட்டையாகப் படுக்க வைத்தால் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி வந்துவிடும், ஏனென்றால் சூடு எல்லாக் கடிகாரங்களையும் ஒருசேர விரைவுபடுத்துகிறது. ஆனால் அதற்கொரு விலை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இந்த நினைவுக் குணத்துக்கு இதைவிட வேடிக்கையான சாட்சி ஒன்று உண்டு. 1960-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஆந்த்ரே கோவாக்ஸ் பாலிவினைல் அசிடேட்டின் பருமனை அளந்துகொண்டிருந்தார். சூடான மாதிரியைக் குறைந்த வெப்பநிலைக்குச் சட்டென்று இறக்கி, அங்கே கொஞ்ச காலம் சுருங்க விட்டு, பின்னர் அந்தப் பருமனே சமநிலைப் பருமனாக அமையும் வெப்பநிலைக்கு ஏற்றினார். பருமன் ஏற்கெனவே சரியாக இருப்பதால் இனி ஒன்றும் நடக்கக்கூடாது. ஆனால் மாதிரி முதலில் வீங்கி, உச்சம் தொட்டு, பிறகு சாவகாசமாகப் பழைய அளவுக்கே திரும்பியது. பருமன் என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பொருளின் நிலையைச் சொல்லிவிட முடியாது, அது கடந்து வந்த வழியும் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்தச் சோதனையைப் போல எதுவும் பளிச்சென்று காட்டியதில்லை.

இதுவரை சொன்னது சிறிய திரிபுகளின் கதை. பாலிகார்பனேட் பட்டை ஒன்றை இயந்திரத்தில் கடித்துப் பிடிக்க வைத்து இழுத்தால் அடுத்த கட்டம் தெரியும். முதலில் வரைகோடு நேராக ஏறும், பிறகு தலை சாயும், 6 சதவீதத் திரிபை ஒட்டி 60 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேலே உச்சத்தைத் தொடும். பட்டறையில் ஈல்டு என்று சொல்லும் இடங்கொடுக்கும் புள்ளி அதுதான். அதைத் தாண்டியதும் விசை விழுகிறது, பட்டையின் ஏதோ ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கியது போல ஒரு கழுத்து விழுகிறது. அந்த நொடியில் விரலால் தொட்டுப் பார்த்தால் கழுத்தின் தோள்பட்டை வெதுவெதுப்பாக இருக்கும், நாம் செலுத்தும் வேலையின் பெரும்பகுதி சூடாக மாறுவதால். அதற்குப் பிறகு கழுத்து அறுந்து போகாமல், இரண்டு பக்கமும் ஊர்ந்து, பட்டை முழுவதையும் விழுங்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இடங்கொடுக்கும் புள்ளியை முதலில் சரியான வழியில் விளக்கியவர் ஹென்றி ஐரிங். 1936-இல் அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. ஒவ்வொரு மூலக்கூற்றுத் துணுக்கும் இடம் மாற ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். வெப்ப அதிர்வு எப்போதாவது அதைத் தாண்ட வைக்கும். தகைவு வந்தால் அந்த மேடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்கிறது, அந்தத் திசையில் தாண்டுதல் பல மடங்கு பெருகுகிறது. ஆகவே ஈல்டு என்பது ஏதோ ஒன்று முறிகின்ற இடம் இல்லை. தகைவு உள்கடிகாரத்தை விரைவுபடுத்திக்கொண்டே போய், அது நாம் இழுக்கும் வேகத்தை எட்டிப் பிடிக்கும் இடமே ஈல்டு. இதிலிருந்து உடனே ஒரு முடிவு கிடைக்கிறது: வேகமாக இழுத்தால் ஈல்டு தகைவு மேலே போக வேண்டும், அதுவும் வேகத்தின் மடக்கைக்கு ஏற்ப நேர்கோட்டில் போக வேண்டும். அறை வெப்பநிலையில் பாலிகார்பனேட்டில் இது பத்து மடங்கு வேகத்துக்கு ஏறத்தாழ 3 மெகாபாஸ்கல் என்று வருகிறது, அக்ரிலிக்கில் இன்னும் செங்குத்தாக ஏறும்.

இந்த 3 மெகாபாஸ்கல் என்ற எண்ணைப் பாலிகார்பனேட்டில் வேலை செய்கிற யாரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் இதைத் திருப்பிப் போட்டால், நிலையான பாரத்தைத் தாங்கும் ஒரு பாகத்தின் தகைவை வெறும் 3 மெகாபாஸ்கல் குறைத்தால், அது ஊர்ந்து இடங்கொடுக்கும் வரையிலான ஆயுள் பத்து மடங்காகிவிடும் என்று வருகிறது. சோதனையில் ஒரு நிமிடம் தாங்கியது என்பதற்காகத் தளத்தில் பத்து வருடம் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது, ஒரு நிமிடத்துக்கும் பத்து வருடத்துக்கும் இடையில் பத்தின் அடுக்குகள் ஏழுக்கு மேல் கிடைப்பதில்லை என்பதால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தகைவு கடிகாரத்தை விரைவுபடுத்துகிறது என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. நேரடியாக அளந்து காட்டியது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க் எடிகரின் குழு. அவர்கள் அக்ரிலிக்குக்குள் சாய மூலக்கூறுகளைச் சிறிதளவு கலந்து, பொருள் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சாய மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொள்கின்றன என்பதை ஒளியால் பின்தொடர்ந்தார்கள். பொருள் இடங்கொடுத்து ஓடும்போது அசைவு 1000 மடங்கு வரை கூடியிருப்பதை 2009-இல் வெளியிட்டார்கள். சூடே காட்டாமல், வெறும் இழுப்பினால் மட்டும், பொருள் கொஞ்ச நேரத்துக்குத் திரவத்தின் பக்கம் சாய்கிறது.

அப்படியானால் கழுத்து ஏன் அறுந்துபோவதில்லை? பின்னல் இறுகுவதால். இழைகள் இழுக்கும் திசையில் வரிசையாக நிற்கத் தொடங்கியதும் மேற்கொண்டு இழுப்பது கடினமாகிறது, அதனால் கழுத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் தடித்த பகுதி முதலில் இடங்கொடுக்கிறது. ஹாவர்டும் தாக்ரேயும் 1968-இல் இதை ஐரிங்கின் பாகுக் கலனும் (மெதுவாக இடங்கொடுக்கும் பகுதி) ரப்பர் சுருள்வில்லும் பக்கம் பக்கமாக நிற்பதாக உருவகித்தார்கள். பொறியியல் கணக்குகளுக்கு அது இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் அளந்து பார்த்தால், அந்த ரப்பர் சுருள்வில்லின் விறைப்பு, அதே பின்னலை உருக்கிய நிலையில் ரப்பர்க் கோட்பாடு தரும் மதிப்பைப் போலப் பல பத்து மடங்கு அதிகமாக வருகிறது. ஆகவே இறுக்கம் வெறும் மீட்சி இல்லை, அதற்குள் உராய்வும் பெரிய அளவில் கலந்திருக்கிறது என்பதைக் கணினிப் பாவனைகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் நினைவு அழிவதில்லை. கழுத்து விழுந்து நீண்ட பாலிகார்பனேட் பட்டையை 160 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது தன் பழைய நீளத்துக்கே ஏறத்தாழ முழுமையாகத் திரும்பும். பெட் (PET) பாட்டிலில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றியவுடன் பாட்டில் கூனிக் குறுகுவதும், பாலிஸ்டைரீன் டம்ளரைச் சூடான அடுப்பில் வைத்தால் வட்டத் தகடாகப் படுத்துக்கொள்வதும் இதே குணம்தான்.

இனி வெள்ளிக் கோடுகள். எல்லாக் கண்ணாடி நிலைப் பாலிமரும் பாலிகார்பனேட்டைப் போலக் கழுத்து விழுந்து நீள்வதில்லை. பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் இழுவையில் 2 முதல் 5 சதவீதத்துக்குள் உடைந்துவிடுகின்றன. உடைவதற்கு முன் இழுவைக்குச் செங்குத்தாக மெல்லிய கோடுகள் தோன்றுகின்றன, ஆங்கிலச் சொல்லான கிரேஸ் என்பதே பட்டறைகளிலும் புழங்குகிறது. பார்வைக்கு விரிசல் போலிருந்தாலும் அது விரிசல் இல்லை. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் இரண்டு உதடுகளுக்கும் இடையில் 5 முதல் 30 நானோமீட்டர் தடிமனுள்ள எண்ணற்ற நார்கள் பாலம் போட்டு நிற்கும், நார்களுக்கு இடையே வெற்றிடம். பாதிக்கு மேல் வெற்றிடம் என்பதால் ஒளி அங்கே பட்டுத் திரும்பி வெள்ளியாக மின்னுகிறது. நார்கள் பாரம் தாங்குகின்றன, ஆனால் காலப்போக்கில் ஊர்ந்து அறுகின்றன. அறுந்த இடம்தான் உண்மையான விரிசலின் வாய்.

எந்தப் பொருள் கழுத்து விழும், எது கிரேஸ் போகும் என்பதைப் பெரும்பாலும் பின்னலின் நெருக்கம் முடிவு செய்கிறது. பாலிகார்பனேட்டில் இரண்டு பின்னல்களுக்கு இடையே உள்ள சங்கிலித் துண்டின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 1,700, அக்ரிலிக்கில் 10,000-ஐ ஒட்டி, பாலிஸ்டைரீனில் சுமார் 18,000. நெருக்கமாக முடிந்த வலையில் நாராகப் பிரிந்து நீளுவதற்கு இடமில்லை, அதனால் பாலிகார்பனேட் சறுக்கி இடங்கொடுக்கிறது. தளர்ந்த வலையில் சிறு இடத்தில் நான்கு மடங்கு வரை நார்கள் நீள முடியும், அதனால் பாலிஸ்டைரீனில் கிரேஸ் எளிதாகப் பிறக்கிறது. அக்ரிலிக் இரண்டுக்கும் நடுவில். (பயணிகள் விமானங்களின் ஜன்னல்களில் அக்ரிலிக்கை முன்கூட்டியே இரு திசையிலும் இழுத்து வைத்துப் பயன்படுத்துவது, கிரேஸ் பிறக்காமல் தடுக்கத்தான்.)

லேசர் விளிம்புக்கு வருவோம். லேசர் படும் இடத்தில் அக்ரிலிக் உருகி ஆவியாகிறது. வெட்டிய முகத்தில் ஒரு மெல்லிய அடுக்கு 105 டிகிரிக்கு மேலே போய், விரிந்து, தளர்ந்து, பிறகு ஆறுகிறது. உள்ளே குளிர்ந்து கிடக்கும் தடித்த பகுதி அதைச் சுருங்க விடுவதில்லை. ஆக விளிம்பு அடுக்கு நிரந்தர இழுவையில் உறைந்துவிடுகிறது, பளபளவென்று அழகாக இருக்கும் அந்த முகம் உண்மையில் இழுத்துக் கட்டிய நாண். உலர்ந்த நிலையில் அது பல வருடங்கள் சும்மா இருக்கலாம். குளோரோபார்ம் அல்லது ஸ்பிரிட் பட்டதும், அதன் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே புகுந்து அந்த இடத்தின் கண்ணாடி மாறுநிலையைக் கீழே இழுக்கின்றன. கடிகாரம் அங்கே மட்டும் தறிகெட்டு ஓடுகிறது. நார்களாகப் பிரியும்போது பிறக்கும் புதுப் பரப்புகளுக்கான ஆற்றல் செலவையும் அதே திரவம் குறைத்துவிடுகிறது. இழுவை தயார், வழி தயார், சில நிமிடத்தில் வெள்ளிக் கோடுகள். துடைத்த துணியையோ திரவத்தின் பிராண்டையோ குற்றம் சொல்லிப் பயனில்லை, உறைந்த இழுவையைத்தான் நீக்க வேண்டும்.

நீக்கும் வழி அனீலிங்தான், உங்கள் முதல் நண்பர் அக்ரிலிக்கைப் பற்றிச் சொன்னது சரி. வெட்டிய துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பு, சுமார் 80 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம் வைத்து, தடித்த ஷீட்டாக இருந்தால் இன்னும் நீட்டி, அடுப்புக்குள்ளேயே மெல்ல ஆறவிட வேண்டும். கதவைத் திறந்து ஏப்ரல் மாதத்து மின்விசிறிக் காற்றில் ஆற்றினால் மறுபடியும் புதுத் தகைவை நீங்களே உறைய வைக்கிறீர்கள். முடிந்தால் லேசர் வேலைக்கு எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அழுத்தித் தள்ளிய) ஷீட்டை விட்டுவிட்டு காஸ்ட் (அச்சில் வார்த்த) ஷீட் வாங்குங்கள். அதன் சங்கிலிகள் மிக நீளமானவை, தயாரிப்பில் இழுபட்ட தகைவும் குறைவு, விலையில் கொடுக்கும் வித்தியாசம் திரும்பி வரும் பெட்டிகளைவிடச் சிறியது.

பாலிகார்பனேட்டில் நிலைமை வேறு. அங்கே இரண்டாவது நண்பர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள முதுமையைப் பற்றிப் பேச வேண்டும். அவசரமாக உறைந்த இழைகள் கண்ணாடி மாறுநிலைக்குக் கீழேயும் மெல்ல மெல்ல நெருங்கி அமர்ந்துகொண்டே இருக்கின்றன. வேதியியல் மாற்றம் எதுவும் இல்லை, திரும்பச் சூடாக்கினால் அழிந்துவிடும் மாற்றம்தான், ஆனால் பொருளின் குணம் மாறிவிடுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர் ஸ்ட்ரைக் 1970-களில் இதை முறையாக அளந்தார். 90 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சட்டென்று இறக்கிய பி.வி.சி. மாதிரிகளை ஒரு மணி நேரத்திலிருந்து சுமார் 1000 நாள் வரை வெவ்வேறு வயதுகளில் சிறு பாரம் கொடுத்து ஊர விட்டுப் பார்த்தார். ஊர்வுக் கோடுகள் எல்லாம் ஒரே வடிவம், வயது கூடக் கூட நேர அச்சில் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போயின. வயது பத்து மடங்கானால் அதே ஊர்வுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு நேரம். ஆகவே நேற்று அச்சிலிருந்து வந்த ஷீட்டும் கிடங்கில் மூன்று மாதம் கிடந்த ஷீட்டும் ஒரே பொருள் இல்லை.

முதிர்ந்த பொருள் விறைப்பாக இருக்கும், ஈல்டு தகைவும் கூடும். கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும். ஆனால் ஈல்டுக்குப் பிறகு விசை விழும் ஆழமும் சேர்ந்து கூடுகிறது. ஓடத் தொடங்கிய பொருள், முதுமையில் சேர்த்த அமைதியை முழுக்க இழந்து இளம்பொருளின் தகைவுக்கே இறங்கிவிடுவதுதான் காரணம். விழும் ஆழம் கூடினால் நீட்சி ஒரே சிறு இடத்தில் குவியும், ஒரு கீறலோ மூலையோ இருந்தால் அங்கே குவிந்து வெடித்துவிடும். பாலிகார்பனேட்டை 120, 130 டிகிரியில் நீண்ட நேரம் வைப்பது என்பது பல வருட முதுமையை ஒரே ராத்திரியில் ஏற்றுவது. தகைவு நீங்கும், ஆனால் வெட்டுத் தடம் உள்ள துண்டின் மோதல் தாங்கும் திறன் சரிந்துவிடும். பாதுகாப்பு மறைப்புக்கு எதற்காகப் பாலிகார்பனேட்டைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தக் குணத்தையே இழந்தது போலாகும். எனவே மறைப்புகளைத் தேவையின்றி அனீல் செய்யாதீர்கள். துளையிட்ட பின் கட்டாயம் செய்தே ஆகவேண்டிய நிலை இருந்தால் குறைந்த நேரத்தோடு நிறுத்துங்கள்.

முதுமையைச் சூடு இல்லாமலும் கலைக்க முடியும் என்பது இத்துறையின் சுவையான வாதங்களில் ஒன்று. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட்டும் மெய்யரும் பாலிஸ்டைரீனை உருளைகளுக்கு இடையே செலுத்தி நசுக்கிய உடனே இழுத்தார்கள். 2 சதவீதத்தில் முறிய வேண்டிய பொருள், பாலிகார்பனேட்டைப் போல இளகி நீண்டது. சற்று நேரம் கிடந்ததும் மறுபடி பழைய நொறுங்கும் குணத்துக்கே திரும்பிவிட்டது. முறுக்கித் திருப்பிய பாலிகார்பனேட் கழுத்து விழாமல் சீராக நீளும். இதை இளமை திரும்புதல் என்று பலர் சொல்ல, கிரெகரி மெக்கென்னா போன்றவர்கள் அது வெளித்தோற்றம் மட்டுமே, உள்ளே பருமன் சுருங்கும் வேலை தன்பாட்டில் தொடர்கிறது என்று வாதிட்டிருக்கிறார்கள். என் அனுபவத்துக்கு இரண்டும் பாதி பாதி சரியாகப் படுகிறது. நசுக்கிய பொருள் சூடாக்கிய பொருளைப் போல நடந்துகொண்டாலும், இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றாகிவிடுவதில்லை. தகைவு முதுமையை எப்போதும் கலைப்பதும் இல்லை. பெங்களூரிலேயே, ஜக்கூரில் இருக்கும் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஸ்ரீகாந்த் சாஸ்திரியின் குழு, ஒழுங்கற்ற திடப்பொருளைக் கணினியில் முன்னும் பின்னும் சறுக்கி அசைத்துப் பார்த்தது. அசைவின் வீச்சு சிறியதாக இருந்தால், படியில் தட்டத் தட்ட அரிசி அமர்வதைப் போலப் பொருள் இன்னும் ஆழமாக அமைகிறது. ஒரு குறிப்பிட்ட வீச்சைத் தாண்டினால்தான் கலைந்து இடங்கொடுக்கிறது.

கடைசியாக உங்கள் மறைப்புகளுக்குச் சில வார்த்தைகள். ஷீட்டில் தகைவு எங்கே உறைந்திருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, போலராய்டு குளிர்க்கண்ணாடியைத் திரை இருட்டாகும் வரை திருப்பிப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே பாலிகார்பனேட் துண்டை நீட்டுங்கள். துளைகளைச் சுற்றியும் வளைவுகளிலும் வானவில் பட்டைகள் நெருங்கி நிற்கும் இடங்கள்தான் நாளை விரிசல் விடும் இடங்கள். அக்ரிலிக்கில் இந்த நிறங்கள் மிக மங்கலாகவே வரும், அதனால் நிறம் தெரியவில்லை என்பதைத் தகைவு இல்லை என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

மறைப்பைப் பிடிக்கும் திருகு நாளடைவில் தளர்வது, வளைந்த ஷீட் தளர்ந்ததைப் போன்ற அதே தகைவுத் தளர்வுதான். தளர்ந்ததே என்று வாரா வாரம் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால், ஒவ்வொரு முறையும் துளையோரத்தில் புதுத் திரிபு ஏறும். அதற்குப் பதிலாக ஸ்பிரிங் வாஷரும் அடியில் அகலமான ரப்பர் வாஷரும் போட்டு, கைப்பிடி இறுக்கத்தோடு விடுங்கள். மிருதுவான பி.வி.சி. வாஷர் வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் குளோரோபார்ம் செய்த வேலையையே மெதுவாகச் செய்யும், சில வகைக் கூலண்டுகளும் (இயந்திரக் குளிர்விப்புத் திரவங்கள்) அப்படித்தான். துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் 1 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரியும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அரை மில்லிமீட்டர்கூட விரியாது. இங்கே நிழலில் பொருத்தி, சென்னை வெயிலில் நிற்கப்போகும் இயந்திரத்துக்கு அனுப்பும் மறைப்பென்றால் இந்த இடைவெளியை முன்கூட்டியே விட்டு வையுங்கள்.